வலது பக்கமாக நட

சைனிக்புரி, செகந்திராபாத்
10 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

குமாரி வணக்கம் சொல்லி எழுதுவது. புது காது மிஷின் பொருந்திவிட்டதா? அண்ணிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் நான் கத்துவதும் நீங்கள் "யாரு, யாரு பேசறது" என்று கேட்பதும் நமக்குச் சரிப்படாது என்று ஆன பிறகு, இந்தக் கடிதம் எழுதுவதுதான் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

உங்கள் மாப்பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது. போன திங்கட்கிழமை காலையில் கார் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "குமாரி, இனிமே கார் நக்கோ, வேண்டாம்" என்றார். ஏன் என்றேன். "பூமி சூடாகுது. நம்மால ஆனதை நாம செய்யணும்" என்றார். அண்ணா, கறிவேப்பிலை வாங்கக்கூட கார் எடுத்த மனுஷன் இவர். நாச்சாரம் ஃபேக்டரியில் இருந்தபோது கேன்டீன் சாப்பாட்டை ஒரு நாளாவது மிச்சம் வைக்காமல் தின்றாரா என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது பூமியாம்.

பழைய பேன்ட் நாலைக் கிழித்து என்னிடம் கொடுத்துப் பை தைக்கச் சொன்னார். கிராணா கடைக்கு எவர்சில்வர் டப்பா எடுத்துப் போகிறார். பருப்பை நேராக டப்பாவில் கொட்டச் சொன்னால் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்பக்கம் இரண்டு மண்தொட்டி வந்திருக்கிறது. காய்கறித் தோல், டீத்தூள், காய்ந்த இலை எல்லாம் அதில்தான். உரமாகுமாம்.

அனுபமா தூண்டிவிட்டாளோ என்று கச்சிபௌலிக்குப் போன் போட்டேன். "நான் ஒண்ணுமே சொல்லலைம்மா, ஆனா அப்பா சூப்பர்" என்கிறாள். யார் சொல்லி இதெல்லாம் என்று இவரைக் கேட்டால் "பேப்பர்ல வந்திருந்தது" என்கிறார். நானும் அதே பேப்பரைத்தான் படிக்கிறேன்.

உங்களுக்கு ஏதாவது எழுதினாரா? அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் தங்கை,
குமாரி


சத்துவாச்சாரி, வேலூர்
19 மார்ச் 2024

அன்புத் தங்கை குமாரிக்கு ஆசிகள்.

உன் கடிதம் ஆறாவது நாள் வந்து சேர்ந்தது. நாங்கள் நலம். மிஷின் பொருந்தியிருக்கிறது, ஆனால் மிக்ஸி சத்தம்தான் முதலில் கேட்கிறது, மனுஷர் பேசுவது பிறகுதான். வள்ளியம்மாளின் முழங்கால் மாடிப்படியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறது.

மாப்பிள்ளை விஷயம் படித்து இருவரும் சிரித்தோம். நான் முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக உட்கார்ந்து, வண்டி வந்த நேரம் போன நேரம் எழுதியவன். ஒரு நாளில் எத்தனை புகை போகிறது என்று எனக்குத் தெரியும். ஒருவர் நடக்கிறேன் என்றால் எதற்குத் தடுக்கிறாய்? சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கும், டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார், அதை உன்னிடம் சொன்னால் சாப்பாட்டில் இனிப்பை நிறுத்திவிடுவாய் என்று பூமியை இழுக்கிறார். வேறொன்றும் இருக்காது.

எனக்கு அவர் எதுவும் எழுதவில்லை. நீயும் கூட நடந்தால் நல்லது. கல்யாணமாகி அங்கே போய் முப்பத்தெட்டு வருஷமாகிறது, நீ தனியாக ஒரு தெரு தாண்டிப் போனதாக இதுவரை எழுதியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயில் ஆரம்பித்துவிட்டது, மோர் குடி.

அன்புடன்,
ராமச்சந்திரன்


சைனிக்புரி
17 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கும் உங்களுக்கும் வணக்கம். வெயில் தாங்கவில்லை, மற்றபடி கை கால் சுகம்.

சர்க்கரை இல்லை. போன வருஷ ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டேன். சர்க்கரையாக இருந்தால் பரவாயில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் விளக்கை எல்லாம் அணைக்கிறார். கரண்ட் மிச்சமாம். சாமி விளக்கு ஒன்று மட்டும் எரியும். அந்த இருட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கிறார், தண்ணீர் மொண்டு குடிக்கிறார், சாப்பிடுகிறார். நேற்று நான் ரசத்தை அவர் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "பழகிடும்" என்றார். யாருக்குப் பழக வேண்டும்?

பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். இப்போது எல்லாம் ஸ்டீல். அடுப்புக்கு வலது பக்கம் முதலில் துவரம்பருப்பு, அடுத்து உளுந்து, அடுத்து அரிசி. ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டால் முகம் மாறிவிடுகிறது. இத்தனை வருஷம் சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர். கூடத்தில் இருந்த டீப்பாய், வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் எதுவும் இப்போது இல்லை. "பொருள் குறைவா இருந்தா மனசு லேசா இருக்கும்" என்கிறார்.

காலையில் நடக்கப் போகும்போது நானும் போனேன், நீங்கள் சொன்னீர்களே என்று. வழியில் பேசினால் கையைத் தூக்கி நிறுத்துகிறார். ஒரு தடவை நான் விடாமல் பேசிவிட்டேன். "போச்சு, நானூத்திப் பன்னிரண்டு வரைக்கும் வந்திருந்தேன்" என்றார். அடி எண்ணுகிறாராம். எண்ணி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். தினமும் எவ்வளவு நடக்கிறோம் என்று தெரிய வேண்டாமா என்றார். அதற்கு அனுபமா கட்டிவிட்ட கைக்கடிகாரம் இருக்கிறது. அதில் தானாகவே எண்ணிக்கை வரும்.

எதிர் வீட்டு சங்கர் சார் பக்கத்தில் வந்து "குட் மார்னிங்" என்று கையை நீட்டினார். இவர் பார்க்காதவர் மாதிரி போய்விட்டார். முப்பது வருஷப் பழக்கம். சங்கர் சாருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஏதாவது சாமியாரிடம் போய் விரதம் எடுத்திருப்பாரோ? நீங்கள் அவருக்கு ஒரு கடிதம் போட்டு நயமாகக் கேளுங்கள். உங்களிடம் மறைக்க மாட்டார்.

மாம்பழம் வந்ததும் அனுப்புகிறேன். உடம்பு பத்திரம்.

குமாரி


வேலூர்
26 மே 2024

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். வள்ளியம்மாள் நலம். உன்னைக் கேட்டாள்.

நீ சொன்னபடி மாப்பிள்ளைக்குக் கடிதம் போட்டேன். பதில் வந்தது. எல்லாம் நல்லதுக்குத்தான் செய்கிறார். மண்தொட்டியில் ஈரம் அதிகமானால் புழு வரும் என்று எழுதியிருந்தார், காய்ந்த இலையைக் கூடுதலாகப் போடு.

அவர் வைத்த இடத்தில் வைத்த பொருள் இருக்கட்டும். நகர்த்தாதே. நடக்கப் போகும்போது கூடப் போ. பேசாவிட்டாலும் பரவாயில்லை, வலது பக்கமாக நட.

வேறு விசேஷம் இல்லை. வெயிலில் வெளியே போகாதே.

ராமச்சந்திரன்


சைனிக்புரி
8 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சௌக்கியம்தானே? ஒரு மாதத்துக்கு மேல் உங்கள் கடிதம் வராமல் நான் பயந்துபோய் அண்ணிக்குப் போன் போட்டது உங்களுக்குத் தெரியுமா? "நல்லாத்தான் இருக்கார், ஆனா ஏதோ யோசனையாவே இருக்கார்" என்றாள். கடைசியில் கடிதம் வந்தது. இரண்டு பக்கம் எழுதுகிற நீங்கள் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள், அதிலும் இரண்டு வரி புழு.

வலது பக்கம் எதற்கு? கேட்டால் சாஸ்திரம் என்பீர்களா? கல்யாணத்தில் பெண் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ரைத்து பஜாருக்குக் காய் வாங்கப் போகும்போது எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் நீங்கள் சொன்னதால் நடந்தேன். அவர் ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்தார்.

போன வியாழக்கிழமை வர வேண்டாம் என்று தனியாகப் போனார். நான் பின்னாலேயே போனேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. பக்கத்துத் தெரு உஷா மேடமும் அதே நேரத்தில்தான் நடக்கப் போகிறாள், அவளுக்குக் கணவர் இல்லை. என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். உஷா மேடம் எதிரில் வந்தாள், இவர் அவளையும் கவனிக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிஷம் அந்த நிம்மதியும் போய்விட்டது.

பெரிய சாலைக்கு முன்னால் ஒரு நீளமான காம்பவுண்டு சுவர் இருக்கிறது. அங்கே நின்று கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே நடந்தார், அண்ணா. சுவரை விரலால் தொட்டுக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, சுவர் முடிகிற வரைக்கும். முடிந்த இடத்தில் கண்ணைத் திறந்து தலையை ஆட்டிக்கொண்டார், பரீட்சையில் பாஸானவர் மாதிரி. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பின்னாலயா வந்தே?" என்றார். பிறகு "மூச்சுப் பயிற்சி" என்றார்.

நடுவில் அனுபமா வேறு. அப்பா துணிப்பையோடு நடக்கிற படம், மண்தொட்டி படம் எல்லாம் எடுத்து அவள் அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டிருக்கிறாள். அவர்கள் எல்லோரும் இவரைப் பெரிய ஆள் என்கிறார்களாம். ஜூலை பதினாலு அன்று அங்கே ஒரு கூட்டம், "நடப்போம், குறைப்போம்" என்று. இவர்தான் பேச வேண்டுமாம். இவர் முடியாது என்று மூன்று தடவை சொன்னார். அவள் அழுதாள். ஒப்புக்கொண்டுவிட்டார். எனக்குப் பெருமைப்படுவதா கவலைப்படுவதா என்று தெரியவில்லை.

அவர் உங்களுக்கு எழுதிய கடிதத்தில் வேறு என்ன இருந்தது? முழுசாக எழுதுங்கள்.

உங்கள் குமாரி


வேலூர்
20 ஜூன் 2024

அன்புள்ள குமாரி,

நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒன்று சொல்கிறேன், தட்டாதே. நீங்கள் இருவரும் ஒரு முழு உடம்பு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரத்தம், இதயம், கண், பல் எல்லாம். உனக்கும் அறுபத்திரண்டு ஆகிறது. உனக்கு வேண்டும் என்று சொல்லி அவரையும் அழைத்துப் போ. தள்ளிப்போடாதே.

அந்தக் கூட்டத்துக்கு அவர் போக வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அனுபமாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

அவர் கடிதத்தில் இருந்ததை அவரே உனக்குச் சொல்வார். சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

ராமச்சந்திரன்


சைனிக்புரி
16 ஜூலை 2024

அண்ணா,

சொன்னார். என்னிடம் இல்லை. கச்சிபௌலியில் அறுபது பேர் முன்னால் மைக்கில் சொன்னார்.

அனுபமா இங்கிலீஷில் அறிமுகம் செய்தாள். பூமியின் மேல் உள்ள அன்பினால் காரை விட்டவர் என்றாள். இவர் தெலுங்கில் பேசினார், நன்றாகத்தான் பேசினார். மண்தொட்டி, டப்பா, பை எல்லாம் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் இரண்டாவது வரிசையில் அனுபமாவின் கணவர் தீபக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கையில் யாரோ கொடுத்த சமோசாத் தட்டு.

அப்போது அப்துல் காதர் என்று ஒருவர் எழுந்தார், ஐம்பது வயசு இருக்கும். "சார், உங்க போட்டோ பார்த்துத்தான் நான் போன மாசம் என் காரை வித்தேன். ஆபீஸுக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிறேன். வீட்ல எல்லாரும் பைத்தியம்னாங்க. செகந்திராபாத்ல அறுபத்தேழு வயசுக்காரர் ஒருத்தர் நடக்கிறார்னு உங்களைக் காட்டித்தான் வாயை அடைச்சேன்" என்று ஹிந்தியில் சொன்னார். மறுபடி எல்லோரும் கை தட்டினார்கள்.

இவர் தட்டவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்புறம், "பாய் சாப், நான் பூமிக்காக விடலை" என்றார்.

பிப்ரவரி மாதம் ஈசிஐஎல் பக்கம் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது வலது பக்கத்திலிருந்து சைக்கிளில் ஒரு பெண் வந்தாளாம். இவர் கண்ணுக்கு அவள் தெரியவே இல்லையாம். இடித்து விழுந்தாள், எழுந்து திட்டிவிட்டுப் போய்விட்டாள், அடி இல்லை. மறுநாள் தனியாகக் கண் டாக்டரிடம் போயிருக்கிறார். கண்ணுக்குள் பிரஷர். வலது கண் ஏற்கெனவே போய்விட்டது. இடது கண்ணில் நேரே பார்த்தால் தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. அதுவும் போகுமாம். "முப்பது வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டரா இருந்தேன். தலைமுடி அளவு விரிசலைக் கண்ணால பிடிச்சவன். எனக்கே கண் போச்சுன்னு சொல்ல வெட்கமா இருந்தது. நடக்கிறேன்னு சொன்னா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்கன்னு தோணுச்சு. கண் போறதுக்குள்ள வழியைப் பழகிக்கத்தான் எண்ணினேன்" என்றார்.

அனுபமா அழுதாள். யாரோ "வீட்ல தெரியுமா" என்று கேட்டார்கள். "மா பாவமரிதிக்கு மட்டும் தெரியும்" என்றார். மச்சானுக்கு மட்டும். அறுபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் எனக்குப் புழு வரும் என்று எழுதினீர்கள்.

விஜயகுமாரி


வேலூர்
24 ஜூலை 2024

அன்புத் தங்கை குமாரிக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மே மாதம் நான்காம் தேதி அவர் கடிதம் வந்தது. மூன்று மாதம் அவகாசம் கேட்டிருந்தார். "எல்லாம் பழகிக்கொண்டு, நான் தடுமாறாமல் நடக்கிறேன் என்று அவள் கண்ணால் பார்த்த பிறகு சொல்கிறேன். இப்போது சொன்னால் அவள் உடைந்துபோவாள். என்னை நம்பியே இருந்துவிட்டாள்" என்று எழுதியிருந்தார்.

என் காது போக ஆரம்பித்தபோது இரண்டு வருஷம் நான் வள்ளியம்மாளிடம் மறைத்தேன். உனக்கும் தெரியாது. அனுபமா கல்யாணத்தில் உன் கணவர்தான் கண்டுபிடித்தார். யாரிடமும் சொல்லவில்லை. அன்று முழுக்க என் நல்ல காது பக்கமாக உட்கார்ந்து, மற்றவர்கள் பேசியதை எல்லாம் இன்னொரு முறை எனக்குச் சொன்னார். அவர் கேட்டபோது நான் எப்படி மாட்டேன் என்பேன்? ஆனால் உன் கடிதம் ஒவ்வொன்றும் வரும்போது, உனக்கு நான் செய்வது சரியா என்றும் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. வள்ளியம்மாள் என்னோடு மூன்று நாளாகப் பேசவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டாக்டர் என்ன சிகிச்சை சொன்னார்? சொட்டு மருந்து போடுவதாக மட்டும்தான் எனக்கு எழுதினார்.

பதில் போடு அம்மா.

ராமச்சந்திரன்


வேலூர்
27 ஆகஸ்ட் 2024

குமாரி,

இன்றும் தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போனார். அனுபமா வள்ளியம்மாளுக்குப் போனில் சொன்னாள், ஆபரேஷன் நடந்தது என்று. என் காதில் வள்ளியம்மாள் கத்திச் சொன்னாள், ஆனால் கண் வந்ததா வரவில்லையா என்பது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்கப் பயமாக இருக்கிறது.

திட்டியாவது எழுது.

அண்ணன்


சைனிக்புரி
6 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். அண்ணியின் முழங்காலையும் உங்கள் காதையும் தினம் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். எழுதத்தான் கை வரவில்லை. கோபம் என்றால் கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கூட்டம் முடிந்து டாக்சியில் வந்தோம். வீட்டுக்கு வந்து எல்லா அறையிலும் விளக்கைப் போட்டேன். நாலு நாள் போட்டே வைத்தேன். அவர் ஒன்றையும் அணைக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவர் அலமாரியில் டாக்டர் ஃபைலைத் தேடி எடுத்தேன். பிப்ரவரியிலேயே எழுதியிருந்தது, இடது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் வேண்டும் என்று. அதை உங்களிடமும் சொல்லவில்லை பாருங்கள். ஏன் என்றேன். "ஆபரேஷன்ல ஏதாவது ஆனா இருக்கிறதும் போயிடும். நடக்கப் பழகிட்டா எது போனாலும் சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன்" என்றார்.

"நீங்க பழகிக்கிட்டீங்க. நான்?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் அழுது நான் பார்த்தேன்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். இருக்கிறது. உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றீர்களே, அதனால் பெரிதாக எழுதுகிறேன்: இருக்கிறது. பேப்பர் படிக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு அந்த அப்துல் காதர் வந்தார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், என் பொய்யை நம்பி நீங்கள் காரை விற்றுவிட்டீர்களே என்று. அவர் சிரித்துவிட்டார். "சார், நீங்க எதுக்கு நடந்தீங்களோ எனக்குத் தெரியாது. என் இடுப்பு மூணு இன்ச் குறைஞ்சிருக்கு, அது நிஜம். காரை நான் திரும்ப வாங்கப் போறதில்லை" என்றார்.

எனக்குத்தான் குழப்பம். எல்லாமே பொய் என்றால் இனிமேல் எதற்கு என்று கடையில் போய் பிளாஸ்டிக் கவரில் காய் வாங்கி வந்தேன். கத்திரிக்காய்க் காம்பை நறுக்கிக் குப்பைக் கூடையில் போடப் போனால் கை போகவில்லை. மண்தொட்டியில் போட்டேன். ஏழு மாதமாக எங்கள் வீட்டு எச்சில் குப்பை வெளியே போகவில்லை, அந்த உரத்தில் வெண்டைக்காய் நாலு கிலோ வந்திருக்கிறது. இதைப் பொய்யில் சேர்ப்பதா? அவரைக் கேட்டேன். "எனக்கும் தெரியலை குமாரி. பயத்துலதான் ஆரம்பிச்சேன். இப்போ காலையில நடக்காட்டி என்னவோ மாதிரி இருக்கு" என்றார்.

காரைத் தீபக் வந்து எடுத்துப் போய் விற்றுவிட்டார். சங்கர் சார் வீட்டுக்கு இவரே போய் விஷயத்தைச் சொன்னார். இருவரும் வாசலில் நின்று ரொம்ப நேரம் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அண்ணியைப் பேசச் சொல்லுங்கள்.

குமாரி


வேலூர்
18 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள்.

"இருக்கிறது" என்று நீ பெரிதாக எழுதிய இடத்தை வள்ளியம்மாளிடம் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்குக் காபி போட்டுத் தானே கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆபரேஷன் விஷயம் எனக்குத் தெரிந்திருந்தால் அன்றே ரயிலேறியிருப்பேன். இது சமாதானம் இல்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை. முதல் விஷயம், போன வாரம் குளியலறையில் வழுக்கினேன். அடி இல்லை. இதையும் சொல்லிவிட்டேன்.

பொங்கல் கழித்து நாங்கள் அங்கே வரலாம் என்று இருக்கிறோம்.

ராமச்சந்திரன்


சைனிக்புரி
9 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நமஸ்காரம். டிக்கெட் எடுத்ததைக் கேட்டு சந்தோஷம். குளியலறையில் கோரைப்பாய் போடாதீர்கள், ரப்பர் பாய் போடுங்கள். இங்கே பனி அதிகம், எனக்குக் கொஞ்சம் சளி, வேறில்லை.

ஒரு விஷயம் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் மறு பரிசோதனை. இவருக்குச் சொட்டு விட்டு வெளியே கண்ணை மூடி உட்காரச் சொல்லியிருந்தார்கள். ரிப்போர்ட்டை வாங்க நான் மட்டும் உள்ளே போனேன். பிரஷர் இறங்கியிருக்கிறதாம். ஆனாலும் பக்கப் பார்வை இன்னும் கொஞ்சம் குறுகியிருக்கிறதாம். வேகம் குறைவு, பல வருஷம் ஓடும், மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார். நான் வெளியே வந்தேன். "என்ன சொன்னார்?" என்று கேட்டார். "அப்படியே இருக்காம்" என்று சொல்லிவிட்டேன்.

வாயில் தானாக வந்துவிட்டது அண்ணா. புது மருந்து பாட்டிலைப் பார்த்து, ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்றார். பழைய கம்பெனி மருந்து கடையில் இல்லை என்றேன். இரண்டு பொய் ஆயிற்று. உங்களை எவ்வளவு திட்டினேன். இப்போது ஆறு மாதம் கழித்து எனக்கு உங்கள் மேல் இருந்த மிச்சக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அவர் காலையில் பாடிக்கொண்டே செடிக்குத் தண்ணீர் விடுகிறார். எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் எப்படி இருப்பேன்? நீங்கள் அப்போது எப்படித் தூங்கினீர்கள்?

11 ஜனவரி, சனிக்கிழமை

கடிதத்தை ஒட்டாமலே வைத்திருந்தேன். உங்கள் பதிலுக்குக் காத்திருந்தால் பத்து நாளாகும், அதுவரை தாங்காது என்று இன்று காலை நடக்கும்போது சொல்லிவிட்டேன். காப்ரா செருவு ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். நான் வலது பக்கம். "டாக்டர் அப்படியே இருக்குன்னு சொல்லலை. இன்னும் கொஞ்சம் குறுகியிருக்காம்" என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"தெரியும்" என்றார். "டிசம்பர்லயே தெரிஞ்சது. சாப்பிடும்போது தட்டோட ஓரத்துல நீ வைக்கிற ஊறுகாய் கண்ணுக்கு வரலை. உன்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு நானும் ஒரு மாசமா யோசிச்சிட்டிருக்கேன்."

எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நின்றுவிட்டேன். அவரும் நின்றார். எத்தனை அடி எண்ணியிருந்தாரோ, அது போயிற்று. உஷா மேடம் எதிரில் வந்து, "ஏன் நடு ரோட்டுல நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"இனிமே எது ஆனாலும் அன்னைக்கே சொல்லிடணும். நீங்களும், நானும்" என்றேன். சரி என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ரிப்போர்ட்ல பார்வை எத்தனை டிகிரின்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் புத்தி. பார்க்கவில்லை என்றேன். வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். தாளில் குறித்துக்கொண்டார்.

நாளையிலிருந்து நெரெட்மெட் பக்கம் புது வழி பழக வேண்டுமாம். அவருக்கு இல்லை, எனக்கு. தனியாகப் போய் மருந்து வாங்கி வரத் தெரிய வேண்டும் என்கிறார். முதல் வாரம் கூட வருவாராம், அடுத்த வாரம் நானே போக வேண்டுமாம். சாலையைக் கடப்பதை நினைத்தால் இப்போதே எனக்குப் பயமாக இருக்கிறது. போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணியிடம் கம்பளிச் சட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்கு அனுபமா வருவாள்.

உங்கள் தங்கை,
குமாரி